வலப்பக்கம் விழுந்த பூ

1

நான் குலசாமியோடு சண்டை போட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டேன் என்று காளப்பநாயக்கன்பட்டியில் இன்னும் பேசிக்கொள்கிறார்களாம். ஒரு வருடம் ஆகப்போகிறது. போன வாரம் தொலைபேசியில் வந்த என் கல்லூரித் தோழி, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே கேட்டாள்: "ஏன் சுமதி, நீ சாமியவே குறுக்கு விசாரணை பண்ணுனியாமா?"

குறுக்கு விசாரணை எல்லாம் இல்லை. சில சந்தேகங்கள் கேட்டேன், அவ்வளவுதான். அதையும் பூசாரியிடம்தான் கேட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டால் ஊரில் பேச்சு அடங்கும் என்று இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்த பிறகு அடங்குமா, கூடுமா என்று சொல்லத் தெரியவில்லை.

என்னை அறியாதவர்களுக்காக: நான் ராசிபுரத்தில் வேதியியல் படித்தவள். கல்யாணமாகி நார்வேயின் வடகோடியில் ஒரு கடற்கரைச் சிற்றூருக்கு வந்தேன். இங்கே மீன் பதனிடும் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை. மீனில் கிருமி இருக்கிறதா, உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சோதனையின் முடிவில் சந்தேகம் வந்தால் திரும்பச் செய், மறுபடியும் சந்தேகம் வந்தால் மறுபடியும் செய் என்று சம்பளம் கொடுத்து என்னைப் பழக்கிவைத்திருக்கிறார்கள். கொல்லிமலையில் நான் நடந்துகொண்ட விதத்துக்கு இந்தப் பழக்கம்தான் பாதிக் காரணம். மீதிக் காரணம், நான் ஒரு பெண்ணைப் பெற்றவள்.

என் கணவர் செல்வராஜ் அதே ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார். இயந்திரங்களோடு பேசுவதில் பாதிகூட எங்களோடு பேசமாட்டார். ஒரே மகள் யாழினி. எனக்கும் அவளுக்கும் நடுவில்தான் எல்லாம்.

2

இங்கே பள்ளிக்கூடத்தில் மதம் ஒரு பாடம். சாமி கும்பிடச் சொல்லித்தரமாட்டார்கள். உலகத்தில் யார் யார் எதை எதைக் கும்பிடுகிறார்கள் என்று சொல்லித்தருவார்கள். அதற்குப் பரீட்சையும் உண்டு. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பெற்றோருக்கு ஒரு தாள் வரும். உங்கள் பிள்ளை வகுப்போடு தேவாலயத்துக்கு வரலாமா, அல்லது பள்ளியிலேயே வேறு நிகழ்ச்சியில் இருக்கட்டுமா? இரண்டு கட்டங்கள். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.

யாழினி முதல் வகுப்பில் இருந்தபோது நான் இரண்டு கட்டத்திலும் டிக் அடித்து அனுப்பிவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான். பள்ளி அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் மிகுந்த கவலையோடு கூப்பிட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன, உங்கள் மகள் ஒருத்திதானே என்று கேட்டார். அப்போது என் நார்வே மொழி மீன்களின் பெயர்களைத் தாண்டவில்லை. 'கடவுளும் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆசிரியரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்' என்று சொல்ல நினைத்தேன். நான் சொன்னது, பிறகு என் கணவர் விளக்கியபடி, 'கடவுளும் ஆசிரியரும் கோபக்காரர்கள்.' அந்த அம்மாள் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். அடுத்த வாரம் யாழினியின் ஆசிரியை வாசலில் என்னைப் பார்த்து வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தார்.

எனக்கு இதில் என்ன குழப்பம் என்று இவர்களுக்குப் புரியாது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் இந்தச் சண்டையே வந்ததில்லை. சந்திர கிரகணம் பற்றி எங்கள் அறிவியல் வாத்தியார் கரும்பலகை நிறைய வட்டம் போட்டு விளக்கினார். பூமியின் நிழல், அவ்வளவுதான், பாம்புமில்லை ஒன்றுமில்லை என்றார். மணி அடித்ததும் அவரே, "இன்னிக்கி ராத்திரி கெரகணம், எல்லாரும் வெள்ளனே சோத்தத் தின்னுபோட்டுப் படுத்துக்கோணும்" என்றார். ஒருத்தி எழுந்து, "நெழல்தானுங்களே சார்?" என்று கேட்டாள். "பரீட்சைல நெழல்னு எழுது. ஊட்டுல உங்கம்மா சொல்றதக் கேளு" என்றார். நாங்கள் இரண்டையும் செய்தோம். மதிப்பெண்ணும் வந்தது, ஒருவருக்கும் வயிறும் வலிக்கவில்லை.

யாழினி பத்தாம் வகுப்பு வந்தபோது மதப் பாடத்தில் ஒரு விவாதம் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் நம்பிக்கைக்கு இடம் உண்டா, அறிவியல் மட்டும் போதுமா? சீட்டுக் குலுக்கி அணி பிரித்ததில் இவள் நம்பிக்கை அணியில் விழுந்தாள். வீட்டுக்கு வந்து மேசையில் பையைப் போட்டாள்.

"அம்மா, எனக்கு பாயிண்ட் வேணும். நீ ஏன் சாமி கும்பிடற?"

"மனசுக்கு ஒரு ஆறுதல்."

"இது பாயிண்ட் இல்ல. எல்லாரும் இதத்தான் சொல்வாங்க. சாமி இருக்குன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து போய்விட்டேன். நிஜமாகவே இருந்தது.

பெற்றோர் சந்திப்பில் ஆசிரியர் பெருமையாகச் சொன்னார், யாழினி எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டாளாம். 'எங்கள் வீட்டில் அறிவியல் படித்தவரும் அம்மா, சாமி கும்பிடுபவரும் அம்மா. இரண்டும் ஒரே சமையலறையில் இருக்கின்றன. கேள்வி கேட்டால் பால் பொங்கிவிடும்' என்று பேசினாளாம். நானும் சிரித்தேன். வீடு திரும்பும் வழியில்தான் முகம் சூடாயிற்று.

3

இந்த நாட்டில் எனக்கு இன்னும் செரிக்காத விஷயம் ஒன்று உண்டு. எங்கள் ஊரைப் போன்ற சிற்றூர்களில் பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் நகரத்துக்குப் போய்த் தனியாக அறை எடுத்துத் தங்கிப் படிப்பார்கள். பதினாறு வயதில். அதற்கு அரசாங்கம் உதவித்தொகையும் கொடுக்கிறது. தாமே சமைத்து, தாமே துவைத்து, வார இறுதியில் படகேறி வீட்டுக்கு வருவார்கள், அதுவும் தோன்றினால். பதினாறு வயதில் நான் ராசிபுரத்துக்கு பஸ்ஸில் போனால் என் அப்பா மொபெட்டில் பின்னாலேயே வருவார். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதைக்கூட ஜன்னல் வழியாகப் பார்ப்பார்.

எங்கள் ஊரில் உள்ள மேல்நிலைப் பள்ளியில் மீன்பிடித் தொழிலும் முதியோர் பராமரிப்பும்தான் பாடங்கள். யாழினிக்கு இயற்பியல் வேண்டும்.

"மீன் படிப்புக்கு என்ன குறை?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"தினமும் வேலைல இருந்து வந்து 'கையெல்லாம் மீன் நாத்தம்'னு நீதான திட்டற?" என்றாள். நகரத்துப் பள்ளிக்கு விண்ணப்பித்தாள். கிடைக்காது என்று நான் நம்பியிருந்தேன்.

கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தோம். ஆடி பிறந்த சமயம். காளப்பநாயக்கன்பட்டியில் என் கணவரின் அண்ணன் வீடு. அவருக்கு மரவள்ளிக் காடு, இரண்டு மாடு, ஓயாத வாய். நான் மாமா என்பேன், யாழினிக்குப் பெரியப்பா. அங்கே உட்கார்ந்து பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாழினி கைபேசியைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள். இடம் கிடைத்துவிட்டது. நாளை மறுநாளுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

"ஆடியில புதுசா எதையும் ஆரம்பிக்கக்கூடாது" என்றேன். என் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். வேதியியல் படித்தவள்.

"நார்வேல ஆடி இல்லம்மா."

"நாம நார்வேல இல்ல."

என் கணவர் பணியாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. இதைச் சூழ்ச்சி என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். "குலசாமிகிட்டப் பூ கேக்காம நம்ம குடும்பத்துல எதுவும் செய்யறதில்லை" என்றேன். எங்கள் குலசாமி கொல்லிமலைமேல், அரியூர் நாட்டுப் பக்கம். பூசாரி வெள்ளிக்கிழமைதான் கோயிலைத் திறப்பார். வெள்ளிக்கிழமைக்குள் கெடு முடிந்துவிடும். நான் ஒன்றும் சொன்னதாக இருக்காது, நாள்காட்டி பார்த்துக்கொள்ளும்.

அறிவியல் பேசி இவள் மறுப்பாள், அதில் இரண்டு நாள் சண்டையில் போகும் என்றும் ஒரு கணக்கு. யாழினியோ, "சரி. கேக்கலாம்" என்றாள்.

அதற்குள் மாமா கைபேசியைக் காதிலிருந்து எடுத்தார். "பூசாரிகிட்டப் பேசிப்போட்டேன் அம்மிணி. நாளைக்குக் காலைலயே வரச் சொல்றாரு. நீங்க நார்வேல இருந்து வந்திருக்கீங்கன்னேன், வெள்ளிக்கெழமை எல்லாம் எதுக்குங்க, நம்ம சாமிதானுங்களேங்கிறாரு."

4

மறுநாள் காலை காரில் மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு நான் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். யாழினி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நான் எந்த வளைவில் வாந்தி எடுப்பேன் என்று பெரியப்பாவிடம் பந்தயம் கட்டினாள். பெரியப்பா ஜெயித்தார்.

பூசாரி வயலிலிருந்து நேராக வந்தார். முழங்கால் வரை சேறு. குழாயடியில் கழுவிக்கொண்டே, "வாங்க சாமி, வாங்க. பாப்பா பெருசாயிருச்சுங்களே" என்றார்.

"நீ நல்லா இருக்கியா?" என்று கேட்டாள் யாழினி. நார்வேயில் பிரதமரைக்கூட நீ என்றுதான் சொல்வார்கள். இவள் தமிழிலும் உலகம் முழுவதையும் நீ போட்டுத்தான் பேசுவாள்.

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பூசாரி சிரித்தார். "சாமியவே நீ-ன்னுதானுங்க கூப்படறோம். என்னையக் கூப்ட்டா என்ன?"

பூ கேட்பது பற்றி மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாமியின் இரண்டு தோளிலும் ஈர அரளிப் பூ ஒட்டிவைத்துக் கேள்வியைச் சொல்ல வேண்டும். வலத் தோள் பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடத் தோள் பூ விழுந்தால் வேண்டாம். பெண் பார்க்க, கிணறு வெட்ட, வழக்குப் போட, எல்லாவற்றுக்கும் இதுதான்.

"கேள்வி ஒண்ணா இருக்கோணுங்க. ரெண்டு மூணு கலந்தா எதுக்குப் பதில் சொல்லுச்சுன்னு தெரியாது" என்றார் பூசாரி. யாழினி பலமாகத் தலையாட்டினாள்.

நான் கைகூப்பினேன். "சாமி, பதினாறு வயசுப் பொண்ண, யாருமே இல்லாத ஊர்ல, பனியில, இருட்டுல, தனியா ஒரு ரூம்ல..."

"அம்மா! கேள்விக்குள்ளயே நீ பதில வெக்கிற. இது சீட்டிங்."

என் கணவர் தொண்டையைச் செருமினார். அன்று அவர் பேசிய முதல் வாக்கியம்: "யாழினி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகலாமா, வேண்டாமா?"

மாமா மணியை அடித்தார். அடித்த வேகத்தில் வலத் தோள் பூ சாமியின் காலடியில் விழுந்தது.

"ஆச்சு!" என்றார் மாமா. "உத்தரவு குடுத்துருச்சு!"

"மாமா, நீங்க மணி அடிச்சீங்க. அந்த அதிர்வுல விழுந்துச்சு" என்றேன். "மேல காத்தாடி வேற ஓடுது."

எல்லோரும் மேலே பார்த்தோம். போன முறை வந்தபோது நாங்கள் வாங்கிக் கொடுத்த மின்விசிறி. மூன்று இறக்கையிலும் எங்கள் குடும்பப் பெயர்களை எழுதிவைத்திருந்தார்கள். சுற்றும்போது படிக்க முடியவில்லை.

"காத்தாடிய நிறுத்திட்டுத் திருப்பிக் கேக்கலாங்களா?" என்றேன்.

பூசாரி தலையைச் சொறிந்தார். "ஒருக்காத்தானுங்க கேக்கறது. சரி, அம்மிணி தூரத்துல இருந்து வந்திருக்கீங்க."

விசிறி நின்றது. மணி இல்லை. மாமாவை வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னேன், அவர் தும்மினால் நான் பொறுப்பல்ல என்று. கேள்வியைச் சொன்னோம். சாமி முகத்தை நேராகப் பார்த்தபடி நின்றேன். வலத் தோள் பூ மெதுவாகச் சரிந்தது, நின்றது, விழுந்தது.

வெளியிலிருந்து மாமா, "என்னாச்சுங்க, என்னாச்சு?" என்று கத்தினார்.

"வலதுன்னா சாமிக்கு வலதா, நமக்கு வலதா?" என்று கேட்டேன்.

"சாமிக்குங்க. பதில் சொல்றது அதுதானுங்களே."

"அந்தப் பக்கம் சந்தனம் காஞ்சு உதிருதுங்க. இந்தப் பக்கம் ஈரமா இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாத்தான ஒப்பிட முடியும்? ரெண்டையும் துடைச்சுட்டு, ஒரே எடையில பூ எடுத்து..."

"அம்மா" என்றாள் யாழினி. "சாமி ரெண்டு தடவ சொல்லிடுச்சு."

"நீ பிசிக்ஸ் படிக்கப் போறவ. பூ விழறதப் போயி நம்பறியா?"

"நீதான நம்பிக் கூட்டிட்டு வந்த?"

நழுவிப் போக இங்கே அடுப்பில் பால் எதுவும் இல்லை.

மாமா உள்ளே வந்துவிட்டார். "ஏம் அம்மிணி, சாமியென்ன கட்டப் பஞ்சாயத்துக்கா வந்திருக்கு? நீ சொல்ற தீர்ப்ப அது சொல்லோணும்னா அது எதுக்கு, நீயே மேல ஏறி உக்காந்துக்கலாமே!"

"ஒரே ஒரு தடவைங்க" என்று பூசாரியிடம் கெஞ்சினேன். "உங்களுக்கும் பிள்ளை இருக்குதுங்களே, அவன் படிப்புக்கு நீங்க கேட்டிருப்பீங்க."

"பையனுக்குங்களா? எங்கீங்க கேட்டேன். கவுன்சிலிங்ல அடுத்த நொடியே முடிவு சொல்லுன்னாங்க, கண்ண மூடிக்கிட்டு அமுக்கிப்போட்டான்." சொல்லிக்கொண்டே ஈரத் துணியால் இரண்டு தோளையும் துடைத்துப் புதிதாகச் சந்தனம் வைத்தார். ஒரே மாதிரி இரண்டு பூவை நானே பொறுக்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் முறை எந்தப் பூவும் விழவில்லை.

நின்றோம். தகரக் கூரையில் மழை பிடித்து, விட்டது. மாமா தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். என் கணவர் நின்றுபோன விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்; அதன் இணைப்பு சரியில்லை என்று பிறகு சொன்னார். பூக்கள் சாமியின் உடம்பிலேயே முளைத்தவை போல இருந்தன.

"வாய மூடிக்கிச்சுங்க" என்றார் பூசாரி.

"அதுக்கு என்னங்க அர்த்தம்?"

"ரெண்டு தடவ சொன்னது போதாதான்னு அர்த்தம். இல்லாட்டி, உங்க குடும்ப வழக்குல என்னைய இழுக்காதீங்கன்னு அர்த்தம். எது தோதோ அத எடுத்துக்குங்க. எனக்கு நடவு ஆளுங்க காத்திருக்காங்க." திருநீறு கொடுத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

5

கோயிலுக்கு வெளியே பலாமரத்தடியில் யாழினி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தரை ஈரம். இருவரும் எழுந்திருக்கவில்லை.

"கோவமா?" என்றேன்.

"இல்ல. வெக்கமா இருந்துச்சு. நீ லேப்ல இப்படித்தான் வேலை செய்வியா? உனக்குப் பிடிச்ச ரிசல்ட் வர்ற வரைக்கும்?"

"லேப்ல மீன் யாரோட பிள்ளையும் இல்ல."

அவள் சிரிக்கவில்லை. நான் சொல்லிவிட்டேன். "எனக்குப் பயமா இருக்கு, கண்ணு. ஆடி, சந்தனம், காத்தாடி ஒண்ணுமில்ல. நீ காய்ச்சல்ல கெடந்தா யாரு பாப்பாங்கன்னு பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள். "அதான் நீ பூ கேக்கலாம்னதும் சரின்னேன். யாராவது சொல்லிட்டா நல்லா இருக்கும்னு நெனச்சேன். ஃபர்ஸ்ட் பூ விழுந்தப்ப, ஐயையோ, நிஜமாவே போகணுமான்னு இருந்துச்சு."

"அப்ப ஏன் போகணும்?"

"பயமா இருக்குன்னுதான் சொன்னேன். போக வேணாம்னு சொல்லல." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ நார்வே வர்றப்ப பூ கேட்டியா?"

"எங்கப்பா கேட்டாரு."

"எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"தெரியல. கோயில்ல இருந்து வந்து, எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு மட்டும் சொன்னாரு. தண்ணி கேட்டாரு."

எந்தப் பக்கம் என்று அவரிடம் நான் கேட்டதே இல்லை. இனி கேட்கவும் முடியாது.

கோயிலடியில் கைபேசிக்குச் சிக்னல் இல்லை. சாலைக்கு ஏறி, டீக்கடை வளைவுக்கு வந்தால் கிடைக்கும் என்றார் மாமா. எல்லோரும் ஏறினோம். மாமா டீ சொன்னார். யாழினி கல்லில் உட்கார்ந்து நார்வே அரசின் இணையதளத்தைத் திறந்தாள். இடத்தை ஏற்கிறீர்களா என்று கேட்டது. ஆம் என்றாள். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. அரசாங்கம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால் அதை யாரும் குறுக்கு விசாரணை என்பதில்லை.

பிறகு ஒரு ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம் என்றது. யாழினி இந்திய சிம்மைப் போட்டிருந்தாள். அவளுடைய நார்வே சிம் என் கைபேசியில்தான் இருந்தது. என் பைக்குள் அது அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தேன். எண் வந்திருந்தது. சிறிது நேரத்தில் காலாவதியாகிவிடும் என்றும் எழுதியிருந்தது. சிக்னல் போய்விட்டது என்று சொல்லலாம். மலையில் யார் சந்தேகப்படுவார்கள்? என் கணவர் என்னைப் பார்த்தார். மாமா டீயை நீட்டியபடி, "ஆடி மாசம்..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வாசிக்க ஆரம்பித்தேன். எண்கள் எங்களுக்குள் எப்போதும் நார்வே மொழியில்தான் வரும்; கடைக்கணக்கு, படகு நேரம் எல்லாம் அப்படித்தான். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் தட்டிக்கொண்டே வந்தாள். கடைசி எண்ணில் என் குரல் நின்றது. அவள் திரையை விட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவசரப்படுத்தவில்லை.

கடைசி எண் மட்டும் எனக்குத் தமிழில் வந்தது.

"ஏழு" என்றேன்.